சட்டையில்லாத ஷாட்

"ஐயோ...!"

அலறல் கேட்டு ஷூட்டிங் தளமே ஸ்தம்பித்தது.

கேரவன் வாசலில் நின்று அலறியவள் பயிற்சியாளர். உள்ளே, கண்ணாடிக்கு முன்னால், நாற்காலியில் சரிந்து கிடந்தார் ஹீரோ. ஐம்பதைத் தொட்ட வயது. முகத்தில் முழு மேக்கப். இடுப்புக்கு மேல் வெற்றுடம்பு. உதடுகள் வெடித்து, தோல் உரிந்து...

உயிர் இல்லை!

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். எத்தனையோ பிணங்களைப் பார்த்தும் இன்னும் பழகாத மனிதர். ஒவ்வொரு முறையும் ஒரு ஜோக் அடித்துத்தான் பயத்தை மறைப்பார்.

"இன்னிக்கு என்ன ஷாட்?"

எஸ்.ஐ. நெளிந்தார். "படுக்கையறை சீன் சார். இந்தம்மாதான் அதுக்குக் கோச்."

"கட்டிப்பிடிக்கக் கோச்சா!"

"அப்படி இல்ல சார்..." பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கை எங்க போகலாம், எங்க போகக்கூடாது, எப்ப நிறுத்தணும்... ரெண்டு பேர்கிட்டயும் முன்னாடியே கேட்டுப் பேசி வச்சுடுவோம். டான்ஸ் ஸ்டெப் மாதிரி ரிகர்சல். நடுவுல மெல்லிசா ஒரு குஷன்கூட வச்சுடுவோம்."

"என் கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க கிடைச்சிருக்கலாம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"சார்!" எஸ்.ஐ. பரபரத்தார். "ஃபிரிட்ஜ் காலி! கேரவன்ல சொட்டுத் தண்ணி இல்ல. காலைல இவரோட சம்சாரம் வந்து, பாட்டில் மொத்தத்தையும் பையில அள்ளிட்டுப் போனாங்களாம். டிரைவர் பார்த்திருக்கார்!"

"ம்..."

"கிளியர் கேஸ் சார்! தண்ணியில விஷம். குடிச்சதும் பாட்டிலோட தடயமும் போச்சு! புருஷன் இன்னொருத்தியோட கட்டில்ல நடிச்சா எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பா?"

"உங்க வீட்டம்மா உங்களை விட்டு வச்சிருக்காங்களேய்யா!"

மனைவி செட்டுக்குள் இருந்தாள். உட்கார வேறு இடமில்லாமல், படத்துக்காக அலங்கரித்த அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விரிப்பு கசங்கிவிடக் கூடாதே என்று நுனியில்.

இன்ஸ்பெக்டர் அருகே போனார்.

"அம்மா... அந்தப் பாட்டிலெல்லாம்..."

"நான்தான் சார் எடுத்தேன்." நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் கொன்னேன்."

எஸ்.ஐ.யின் கை விலங்குக்குப் போனது.

"முந்தாநாள்லேர்ந்து அவர் தண்ணியே குடிக்கல சார். உடம்புல தண்ணி வத்தினாத்தான் வயித்துல கட்டுக் கட்டாத் தெரியுமாம். ஜிம்ல யாரோ சொல்லியிருக்கான். நீர் பிரியற மாத்திரை வேற..."

"நீங்க தடுக்கலியா?"

"தடுத்தேனே! 'சட்டையைக் கழட்டினா ஜனங்க சிரிக்கக் கூடாதுடி'ன்னார். என் தலையில கைய வச்சு சத்தியம் வாங்கினார். 'நானே கெஞ்சினாலும் குடுக்காத. பாட்டிலை எல்லாம் எடுத்துட்டுப் போயிடு. ஷாட் முடிஞ்சதும் உன் கையால ஒரு டம்ளர்'னார்."

"அவர் போனைப் பார்த்தேன்... உங்களுக்கு விடாம கூப்பிட்டிருக்காரே..."

"ஒரே ஒரு வாய்டின்னார். நான் சிரிச்சேன் சார்... 'இன்னும் கொஞ்ச நேரம்தான், பல்லைக் கடிச்சுக்கோங்க ஹீரோ'ன்னேன். அப்புறம் அடிச்சப்ப எடுக்கவே இல்ல. எடுத்தா மனசு இளகி ஓடி வந்துடுவேன்னு பயம். வேற யார்கிட்டயும் கேக்கவும் மாட்டார். யூனிட்டே கேலி பண்ணும்னு வெட்கம்..."

எஸ்.ஐ. கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, உடலைச் சோதித்த டாக்டர் போனில் வந்தார். முழு ரிப்போர்ட்டுக்கு நாளாகும். ஆனால் விஷத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை. உடம்பில் நீர் வற்றி, உப்பு தாறுமாறாகி, இதயம் நின்றிருக்கிறது...

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தபடி வெளியே வந்தார். பயிற்சியாளர் குறுக்கே நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"சார்... நான் எதுக்குக் கேரவன் கதவைத் தட்டினேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"எதுக்கு?"

"சட்டையைக் கழட்ட வேண்டாம்னு சொல்லத்தான்."

"எ...ன்ன!"

"நேத்து ரிகர்சல்ல அவர் மூச்சை அடக்கிக்கிட்டே நின்னார் சார். கூட நடிக்கற பொண்ணு கவனிச்சிருக்கா. அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'பாவம்க்கா. அவர் சட்டையோட இருந்தாத்தான் எனக்கு வசதின்னு சொல்லிடுங்க. என் விருப்பமாவே இருக்கட்டும். அவர் மனசு நோகக் கூடாது'ன்னா. டைரக்டரும் உடனே ஒத்துக்கிட்டார்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா!"

"போன்ல சொன்னா தப்பா எடுத்துப்பார்... மேக்கப் முடியட்டும், நேர்ல பக்குவமாச் சொல்லலாம்னு..." அவள் குரல் உடைந்தது. "வெளியிலயே காத்திருந்தேன் சார்."

இன்ஸ்பெக்டர் ஒரு ஜோக்குக்காக மூளையைத் துழாவினார்.

எதுவும் கிடைக்கவில்லை.

"சார்..." பின்னால் குரல்.

மனைவி!

"அந்தக் கோச் பொண்ணு ஏன் சார் அழுவுது? உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?"

எஸ்.ஐ. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பயிற்சியாளர் தரையைப் பார்த்தாள்.

சொல்லிவிடலாம். உண்மைதானே? அவர் தவித்த தவிப்பு யாருக்குமே தேவைப்படவில்லை என்று... சொன்ன பிறகு இந்தப் பெண் எந்தக் கையால் தண்ணீர் மொண்டு குடிப்பாள்?

"ஷாட் ரெடின்னு கூப்பிடப் போயிருக்காங்கம்மா. பார்த்த அதிர்ச்சி."

அவள் நம்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கேட்கவே கூசியபடி...

"உடம்பு... நல்லா வந்திருந்துச்சா சார்?"

இன்ஸ்பெக்டர் தன் தொப்பியைக் கழற்றினார். பெல்ட்டைத் தாண்டித் தளும்பிய தன் தொப்பையை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்பப்பா... இருபது வயசுப் பையன் தோத்தான் போங்க! அவர் பக்கத்துல நின்ன நேரமெல்லாம் நான் மூச்சே விடலம்மா!"