ஐந்தாவது தகடு

பூட்டுக்குள் தூசி இல்லை.

மூன்று மாதமாக யாரும் திறக்காத பூட்டு அது. பழைய பிக்கப் வண்டியின் கதவிலிருந்து அதைக் கழற்றி, ஷெட்டில் இருந்த மேஜை மேல் தட்டிப் பார்த்தான் தம்பிக்காரன். கொட்ட வேண்டிய துருவும் மண்ணும் கொட்டவில்லை. புது எண்ணெய் வாசனைதான் மூக்கில் ஏறியது. அண்ணன் இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து சாவிக் கடை நடத்தியவர்கள். ஒரு பூட்டு எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவான் அவன். இதில் இன்று காலைகூடச் சாவி நுழைந்திருந்தது.

இந்த வண்டிக்கு இருந்ததோ ஒரே சாவி. அண்ணனைப் புதைத்த அன்று அதை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டவன் இவனேதான். வண்டி என்றால் உயிரை விடுகிறவர், சாவியாவது கூடப் போகட்டும் என்று நினைத்தான். பெரிய பாசக்காரன்! யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் அண்ணி சொன்னதை அதுவரை அவன் பாதிதான் நம்பியிருந்தான்.

"மூணு நாளா விடியக்காலைல பாத்தா பாப்பா படுக்கையில இல்ல, தம்பி. வண்டிக்குள்ள உக்காந்திருக்கா. கதவு பூட்டியிருக்கு. தட்டுனா அவளே உள்ளேருந்து தொறக்கறா. யாருடி கூட்டிட்டு வந்ததுன்னா அப்பாங்கறா. சீக்கிரமே கிளம்பிடலாம்னு சொல்லியிருக்காராம்."

"குழந்தைதானே அண்ணி, கனவு கண்டிருப்பா."

"வண்டிய எடைக்கு எடுக்கறவன் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவானாம். அதுக்குள்ள பூட்டை மாத்திக் குடுத்துடுங்க. அந்தச் சாவி இனி இதுல திரும்பவே கூடாது." அண்ணியின் கண்கள் மூன்று நாள் தூக்கத்துக்கு ஏங்கிப் போயிருந்தன.

பூட்டுக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் வேறென்ன? குழலைப் பிரித்தான். உள்ளே வரிசையாக ஐந்து பித்தளைத் தகடுகள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திரும்பும். ஐந்தையும் மாற்றிப்போட்டு, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டினான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். இன்றைக்கு ஸ்பிரிங் இரண்டு தடவை கை நழுவி விழுந்தது. யாரோ பின்னால் நின்று வேலையைப் பார்ப்பது போல இருக்க, மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். நடுப்பகலில் இப்படிப் பயப்படுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பூட்டைக் கதவில் மாட்டி முடித்தபோது தகரக் கூரை மேல் மழை பிடித்துக்கொண்டது. பால் வாங்கக் குடையோடு கிளம்பிய அண்ணி, "அஞ்சு நிமிஷம், இவளைப் பாத்துக்குங்க," என்றாள். பாப்பா அதற்குள் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து உதட்டால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு ஷெட்டின் சுவரோடு ஒட்டி நின்றதால், ஏற இறங்க இந்த ஒரு கதவுதான். தம்பிக்காரனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஜன்னல் ஓரத்தில் இருந்த பூட்டுக் குமிழை அழுத்தினான். டக்கென்று விழுந்தது. புதுச் சாவி அவன் பையில் பத்திரமாக இருந்தது.

"இனிமே உங்க சித்தப்பன் நினைச்சாத்தான் இது தொறக்கும், தெரியுமா?"

பாப்பா சிரித்தாள்.

மழைச் சத்தத்துக்கு அடியில், அவன் முழங்கைக்கு அருகே, வெளியிலிருந்து பூட்டுக்குள் ஒரு சாவி மெல்ல நுழைந்தது.

"அண்ணியா?"

மூச்சுக் காற்றில் மங்கிப்போன கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தான். மேஜை தெரிந்தது. ஷெட் வாசலில் மழை தெரிந்தது. கதவருகே ஆள் யாரும் இல்லை. சாவி மட்டும் இடமும் வலமுமாகத் திருகிப் பார்த்தது. திரும்பவில்லை. பிறகு வெளியே உருவப்பட்டு, சிமென்டுத் தரையில் 'ணங்' என்று விழுந்தது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஒரே ஒரு மூச்சு நேரம்.

மேஜை மேல் இருந்த அவனுடைய தகர டப்பா திறந்தது. உள்ளே பல் வெட்டாத சாவிகள். யாரோ அவசரமில்லாமல் துழாவி, ஒன்றைப் பொறுக்கி எடுக்கிற சத்தம்.

சாவி தொலைந்த வண்டிக்கு அண்ணன் சாவி செய்கிற விதம் அவனுக்குத் தெரியும். மொட்டையாக இருக்கிற சாவியைப் பூட்டில் விட்டு அழுத்தித் திருகுவார். தகடு இடிக்கிற இடத்தில் சாவியில் மயிரிழைத் தழும்பு விழும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் தேய்ப்பார். திரும்ப விடுவார். ஒரு தகடு படியும், அடுத்தது இடிக்கும். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்.

சாவி நுழைந்தது. திருகியது. வெளியே போனது. அரம் மூன்று இழுப்பு இழுத்தது. பிறகு பித்தளைப் பொடியை ஊதித் தள்ளுகிற 'ஃபூ'. கண்ணாடியின் வெளிப்பக்கம், வாய் உயரத்தில், வட்டமாகப் பனித்து மறைந்தது.

ஒன்று.

"அண்ணா..." கண்ணாடிப் பக்கம் குனிந்தான். "அண்ணா, அவ குழந்தைண்ணா. அண்ணிக்கு அவளை விட்டா யாருமில்லண்ணா."

அரம் ஒரு கணம் நின்றது. மறுபடி தேய்த்தது.

இரண்டு. ஃபூ.

எதிர்ப்பக்கக் கண்ணாடி முழுக்கச் சுவர். ஹாரனை அடித்தான். பேட்டரி இல்லாத வண்டி. கத்தினான். கூரை மேல் மழை அதைவிடப் பெரிதாகக் கத்தியது.

மூன்று.

குமிழின் மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினான். நகம் வெளுக்க அழுத்தினான்.

நான்கு. கண்ணாடியில் வட்டம். மறைந்தது.

அரம் நிதானமாக ஓடியது. கடைசிப் பல். ஃபூ.

பாப்பா ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். சீட்டில் நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து, அவன் இடுப்போடு ஒட்டி உட்கார்ந்து, கவுனை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஓட்டுகிறவர் இடம் காலியாக இருந்தது.

"நீங்க இறங்கிடுங்க சித்தப்பா," என்றாள் அன்பாக. "உங்களுக்கு இடம் இல்லன்னு அப்பா சொல்லிட்டாரு."

சாவி நுழைந்தது. எங்கும் இடிக்கவில்லை.

அவனுடைய இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக்கொண்டு, குமிழ் மெல்ல மெல்ல மேலே எழும்பியது.