புதன், வியாழன், வெள்ளி

திங்கள், காலை 8.40. ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த மல்லேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரக்கூடாத மாதவிலக்கு, சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது.

அதன் பொருள் தலைமை நர்ஸ் ரத்னகுமாரிக்குத் தெரியும். ராஜமுந்திரியின் அந்தச் சிறிய மருத்துவமனைக்குச் சோதனைக்குழாய்க் குழந்தைக்கான கருவளர்ப்பு நிபுணர் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் ஹைதராபாத்திலிருந்து வருவார். அவர் வரும் வாரத்துக்கு, சிகிச்சைக்குக் காத்திருக்கும் பதினான்கு பெண்களும் ஒன்றாகத் தயாராக வேண்டும். அதற்காகத்தான் கருத்தடை மாத்திரை. எல்லோருடைய மாதவிலக்கையும் அது பிடித்து வைத்திருந்து ஒரே சமயத்தில் விடும்.

டாக்டர் அனசூயா சுருக்கமாகச் சொன்னார். "ரத்தம் வர்ற வரைக்கும் ஒரு வேளைகூடத் தவறலைங்கறா. அப்போ மாத்திரைக்கே உடம்பு கட்டுப்படலை. இந்தத் தடவை வேண்டாம். பதினோரு மணிக்கு ஹைதராபாத்துக்குப் பட்டியல் அனுப்பணும், சிஸ்டர்."

மல்லேஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. அடுத்த தடவைக்குக் கருமுட்டை மிஞ்சாது என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள்.

9.10. ரத்னகுமாரி தன் அறைக் கதவைச் சாத்தினாள். எதிரே மூன்று பெண்கள். மல்லேஸ்வரி, அவள் மாமியார் சேஷரத்னம், ஓரகத்தி நீலவேணி, வலது மணிக்கட்டில் வரலட்சுமி விரதத்து மஞ்சள் கயிற்றோடு.

"பிள்ளை வேணும்னு வந்தவளுக்குப் பிள்ளை வேண்டாங்கற மாத்திரை!" என்றாள் சேஷரத்னம். "எந்த ஊர் வைத்தியம்மா இது? அன்னைக்கே சொன்னேன், தூக்கிப் போடுடின்னு."

"சொன்னீங்களா, செஞ்சீங்களா?"

"என்னைப் பார்த்தா கேக்கறே?"

"எல்லாரையும்தான் கேக்கறேன். மல்லேஸ்வரி, மாத்திரை எங்கே?"

அவள் பையிலிருந்து ஏழு அறை டப்பா ஒன்றை எடுத்தாள். கணவன் சத்திபாபு இறால் குட்டைக் காவலுக்குப் போகுமுன் ஞாயிறுதோறும் அட்டையிலிருந்து பிதுக்கி நிரப்பிவிட்டுப் போவான். ஐந்து அறைகள் காலி. சனியிலும் ஞாயிறிலும் மாத்திரை அப்படியே இருந்தது. ரத்தத்தைக் கண்ட பயத்தில் அவள் நிறுத்திவிட்டிருந்தாள்; அதனால் நேற்று அவன் டப்பாவை நிரப்பவுமில்லை.

"எப்படிப் போடுவே?"

"ராத்திரி ஒன்பது மணிக்கு. கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுட்டு."

"வித்தியாசமா எதுவும் இல்லையா? எதுவானாலும் சொல்லு."

மல்லேஸ்வரி யோசித்தாள். "கடைசியில ரெண்டு மூணு நாள் நாக்குல மாவு மாதிரி ஒட்டிச்சு. மழைக்காலம், நமுத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

9.40. ரத்னகுமாரி சனிக்கிழமை மாத்திரையை ஈர விரலால் தேய்த்தாள். வழுவழுப்பு. சர்க்கரைப் பூச்சு; மாவாக ஒட்டாது.

"வீட்டுல வேற யாருக்காவது சின்ன வெள்ளை மாத்திரை உண்டா?"

சேஷரத்னமே இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். தைராய்டு மாத்திரை. மல்லேஸ்வரி ஒன்றை நாக்கு நுனியில் வைத்தாள், உடனே துப்பினாள்.

"இதேதான்." அவள் மாமியாரைப் பார்த்த பார்வையில் கிழவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"சத்தியமா இல்லைடி! வாய்தான் நீளம் எனக்கு, கை இல்லை."

10.25. ரத்னகுமாரி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"கெடுக்கணும்னு நினைச்சவங்க ஏழு அறையையும் மாத்தியிருப்பாங்க. இங்கே சனியும் ஞாயிறும் நல்ல மாத்திரை. செவ்வாய் வரைக்கும் வழுவழுன்னுதான் இறங்கியிருக்கு. புதன், வியாழன், வெள்ளி, மூணு மட்டும். ஏன் வெள்ளியோட நிறுத்தணும்?"

மல்லேஸ்வரி டப்பாவின் அறைகளை விரலால் எண்ணினாள்.

"எடுத்தவங்களுக்கு மல்லேஸ்வரி மேல கோபமே இல்லை. மாத்திரைதான் வேணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் தன் மாதவிலக்கு தள்ளிப்போகணும். பெரியம்மாவுக்கு அது நின்னு வருஷக்கணக்காச்சு. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு உட்கார்ந்தது யாரு, நீலவேணி?"

நீலவேணி மணிக்கட்டின் மஞ்சள் கயிற்றை மற்றக் கையால் மூடினாள்.

"புதன் சாயங்காலமே வயித்துவலி ஆரம்பிச்சிடுச்சு, சிஸ்டர். ஊருல மருந்துக்கடை இல்லை. கோயில் குளம்னா எல்லாரும் போடற மாத்திரைதானே, மூணு குறைஞ்சா என்ன ஆயிடும்னு... அறை காலியா இருந்தா அக்கா பதறும்னு அத்தையோடதை வெச்சேன்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா விரதத்தை விடுன்னு சொல்லியிருக்கும். அஞ்சு வருஷம் விடாம செய்யறதா நேர்ந்திருந்தேன். இது அஞ்சாவது." மல்லேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "அக்காவுக்குக் குழந்தை பிறக்கணும்னு."

சேஷரத்னம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

10.50. ரத்னகுமாரி டாக்டர் அறைக்கு ஓடினாள். "உடம்பு மேல தப்பில்லை, மேடம். மூணு ராத்திரி மாத்திரையே உள்ளே போகலை. நின்னதும் ரத்தம் வந்திருக்கு. மாத்திரை சொன்னதை அந்த உடம்பு அப்படியே கேட்டிருக்கு."

டாக்டர் ஸ்கேன் தாளை மறுபடி புரட்டினார். பேனா பட்டியலின் மேல் நின்றது.

"இன்னிக்கே மறுபடி ஆரம்பி. எட்டு நாள். அப்புறம் ஸ்கேன் சரியா இருந்தா, கடைசி ஆளா சேர்த்துக்கலாம். வாக்குக் கொடுக்கலை, சிஸ்டர்."

11.05. புது அட்டையிலிருந்து முதல் மாத்திரையை மல்லேஸ்வரி தானே பிதுக்கினாள். இம்முறை கண்ணை மூடவில்லை.

"அக்கா, ஏதாவது பேசு," என்றாள் நீலவேணி. "திட்டவாவது திட்டு."

மல்லேஸ்வரி தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"ஸ்கேன் ரிசல்ட் வரட்டும்," என்றாள்.