இரண்டு கண்டால் பழையதை நீக்கு

மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. காலையில் குடித்தது ஒன்று, சற்று முன் குடித்தது ஒன்று. இப்போது ஒன்றுதான் இருந்தது.

ஆபீஸ் அறையில் வேறு யாருமில்லை. ஏசியின் முனகலும், சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாடையும், திரையில் சரசரவென மேலே ஓடும் வரிகளும்தான் அவளுக்குத் துணை. பலபேர் பலவிதமாக எழுதிக் குவித்த புரோகிராம் அது. ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த ஆயுசு போதாது என்று அவள் ஒரு விதி எழுதினாள். ஒரே அச்சில் இரண்டு கண்டால் பழையதை நீக்கு, புதியதை வை.

வீட்டில் மூன்று வயது இரட்டைப் பெண்கள். சில நிமிடம் முந்திப் பிறந்தவளைப் பெருசு என்பாள், மற்றவளைச் சிறுசு என்பாள். அம்மா வராமல் இரண்டும் கண்ணை மூடாது. அந்த அவசரத்தில் விதியை ஓடவிட்டாள்.

பையோடு திரும்பியவள் அப்படியே நின்றாள். வாசல் கதவு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். தடவிப் பார்த்தாள், ஜில்லென்று, வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மிஞ்சியது போன வருஷம் வைத்த பின்கதவுதான். அதைக் காவல்காரர் சாயங்காலமே வெளியிலிருந்து பூட்டிவிடுவார். தோளால் இடித்தாள். கத்தினாள். யாரும் வரவில்லை.

பழையது போய்விட்டது. புதியது இருக்கிறது.

திரைக்கு ஓடினாள். எங்கே தேட வேண்டும் என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். காலியாக விட்டால் எல்லா இடத்திலும் தேடும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அவளே சொல்லும் முதல் எச்சரிக்கை அது. நிறுத்தப் பார்த்தாள். ஓடியது. ஒயரைப் பிடுங்கினாள். ஓடியது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பிள்ளைங்க எங்க?"

"பாப்பா இப்பதான் தூங்கினா. மெதுவா பேசு."

"பெருசு?"

"எந்தப் பெருசு?" அவன் சிரித்தான். "வேலை பாத்து பாத்து மண்டை குழம்பிடுச்சா? நமக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு."

போன் நழுவி விழுந்தது.

அப்போதுதான் கேட்டது. கதவு இருந்த சுவருக்குள்ளே. இடுப்பு உயரத்தில்.

தட். தட்.

"அம்மா... இருட்டா இருக்கும்மா."

மண்டியிட்டுச் சுவரைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. கை வைத்த இடத்துக்கு நேரே, உள்ளேயிருந்து, சின்ன நகங்களும் பிறாண்டின.