இருநூற்று ஐம்பத்தேழாவது இருக்கை

தூத்துக்குடி கடல்முத்து குடியிருப்பின் தரைத்தள அறையில் நூற்றிருபத்தெட்டு நாடிகள் பச்சை விளக்குகளாகத் துடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் எண்பத்தேழுக்கு ஆளே கிடையாது.

அந்த அறையைப் பராமரிக்கும் எஸ்தர் சோதனைக் கருவியை மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது. நாற்பத்தொரு மனிதர்கள், எண்பத்தேழு துண்டுகள்.

உடம்புக்குள் வைக்கும் இதயத்துணை, மூச்சுத்துணை, சர்க்கரைத்துணை எல்லாம் நெல்மணி அளவுக்குச் சுருங்கிவிட்ட காலம் அது. நெல்மணிக்குள் மூளை வைக்க இடமில்லை. எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மருத்துவமனையின் பெருங்கணினி முடிவு செய்து வலைவழியாகச் சொல்லும். அந்த வழி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு குடியிருப்பின் தரைத்தளத்திலும் இருக்கும் வலையாளி என்ற பெட்டி. விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொருவர் நாடியையும் அது தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விநாடிக்குள் நூற்றிருபத்தெட்டுப் பேருக்கு மேல் அதனால் தொட முடியாது. ஆகவே நூற்றிருபத்தெட்டு இருக்கைகள். நாற்பத்தைந்து வீடுகளுக்கு அது தாராளம் என்றுதான் கம்பெனி நினைத்தது.

கம்பெனிக்கு நம் ஜனங்களைத் தெரியாது. பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்த பரம்பரை இது. ஏறுகிறவர் யாரென்று தெரியாது, ஏறுவாரா என்றும் தெரியாது, ஆனால் துண்டு விழுந்திருக்கும். வலையாளியில் போடும் துண்டுக்குத் துடிப்பான் என்று பெயர். கட்டைவிரல் அளவு. கைபேசி உறை விற்கிற கடையிலேயே கிடைக்கும். சுவரில் செருகினால் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று ஒரு பொய்நாடியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏழு நாள் அசையாத இருக்கையை வலையாளி காலி செய்துவிடும் என்ற விதியை ஏமாற்ற யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தது. துடிக்கும் இருக்கையை உரியவர் சம்மதமில்லாமல் வெட்டினால் கொலைக்குற்றம் என்பது இன்னொரு விதி. உயிரைக் காப்பாற்ற எழுதிய சட்டம் துண்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், எடம் இருக்கா?"

வாசலில் முத்துப்பேச்சி நின்றாள். ஒன்பதாம் மாடிக்காரி. அவள் கணவன் சுடலைமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அவன் இதயம் தானாகத் துடிப்பதை நிறுத்திவிட்டது. உள்ளே வைத்த இதயத்துணைதான் அதைத் துடிக்க வைக்கிறது. மூன்று நாளுக்கு மட்டும் தாங்கும் ஒரு கைப்பெட்டியை மார்பில் கட்டி மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு மறுபடி சக்தி ஏற்ற வேண்டுமென்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அங்கே கட்டிலுக்கு நூறு பேர் காத்திருக்கிறார்கள். மூன்று நாளுக்குள் கடல்முத்து வலையாளியில் அவனுக்கு ஓர் இருக்கை கிடைக்க வேண்டும்.

"கூட்டம் போடச் சொல்லியிருக்கேன் அக்கா. கேட்டுப் பாப்போம். ஒண்ணுதானே, தராமலா போயிருவாவ?" என்றாள் எஸ்தர்.

தரவில்லை.

காலை பதினொரு மணிக்குக் கூட்டம். சங்கத் தலைவர் கோமதிநாயகம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். துறைமுக அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கே ஓர் இதயத்துணை உண்டு. அது போக அவர் பெயரில் பதினான்கு துண்டுகள். எஸ்தர் பட்டியலை வாசிக்க வாசிக்க யாருக்கும் முகம் மாறவில்லை. பக்கத்து வீட்டு எண்ணிக்கையைக் கேட்டபோது மட்டும் சிலருக்கு வயிறு எரிந்தது தெரிந்தது.

"அந்தப் பிள்ள கேக்குதது நியாயம்தான்," என்றார் கோமதிநாயகம். "நான் இல்லங்கல. ஆனா எந்த வீட்டுல எடுக்க? என் மூத்தவன் கனடாவுல இருக்கான். நாளப்பின்ன குடும்பத்தோட வந்து எறங்குனா நான் எங்க போவேன்?"

"அவுகளுக்குத்தான் ஒரு நோயும் இல்லையே அண்ணாச்சி," என்றாள் எஸ்தர்.

"வராதுன்னு நீ எழுதித் தாரியா?"

மூன்றாம் மாடி அம்மாள் ஒருத்தி தன் வீட்டு நாய்க்குப் போட்டிருந்த துண்டைக் காட்டி, நாய்க்கும் வயசாகிறது என்றாள். இன்னொருவர், இருக்கை நிறைய உள்ள வீடு என்றால்தான் பெண் கொடுக்கிறார்கள் என்றார். கடைசியில் இந்தப் பிரச்சினையை ஆராய ஐவர் குழு ஒன்றை அமைத்தார்கள். குழு அடுத்த மாதம் கூடும். எல்லோருக்கும் சுண்டலும் டீயும் வந்தன. முத்துப்பேச்சிக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். அவள் வாங்கிக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

எஸ்தர் இந்த வேலைக்கு வந்து எட்டு வருடம். மக்கள் வலையாளியை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது அவளுக்குப் புதிதல்ல. தோசைமாவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்குள், குளியலறைச் சுவரில் என்று எங்கெல்லாமோ துடிப்பான்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் சாகப் போகிறவனின் மனைவியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சுண்டலில் தேங்காய் குறைவு என்று பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அறைக்குத் திரும்பியதும் கம்பெனிக்கு அவசரக் கடிதம் எழுதினாள். ஆச்சரியமாக, உடனே பதில் வந்தது. இருமடங்கு கொள்ளளவுள்ள புதிய வலையாளியைச் சோதனைக்காகக் கடல்முத்துக்கே தருகிறோம். இருநூற்று ஐம்பத்தாறு இருக்கைகள். மூன்றாம் நாள் காலையில் வரும்.

வந்தது. சுடலைமணியின் கைப்பெட்டியில் ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. எஸ்தர் யாருக்கும் சொல்லாமல் முதல் இருக்கையில் அவனைத்தான் சேர்த்தாள். கைப்பெட்டியைக் கழற்றியபோது அதில் நாற்பது நிமிடம் இருந்தது. முத்துப்பேச்சி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு எஸ்தர் மற்ற நாற்பத்தொரு மனிதர்களையும், வேறு வழியில்லாமல் எண்பத்தேழு துண்டுகளையும் மாற்றிவிட்டு, பெட்டியோடு வந்த குறிப்பைப் படித்தாள்.

வாடிக்கையாளர்கள் வலையாளியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பத்து ஆண்டுகள் ஆராய்ந்து இதை உருவாக்கியிருக்கிறோம் என்றது குறிப்பு. எது உயிருள்ள பயனர், எது பழுதான கருவி என்பதை இது தானே கற்றுக்கொண்டிருக்கிறது. இடம் நிரம்பிய பின் புதியவர் வந்தால், நம்பகம் மிகக் குறைந்த ஒன்றை விலக்கி இடம் தரும்.

இனி துண்டுகள் தாமாகவே விழும் என்று அவளுக்கு ஒரு நிமிடம் மகிழ்ச்சி. திரையில் நம்பக எண்களைப் பார்த்தாள். துண்டுகள் எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மனிதர்கள் ஐம்பது, அறுபது. மாடி ஏறி இறங்கிய ஒருவருக்கு நாற்பத்தொன்று.

கம்பெனியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"நாடு முழுக்க உள்ள இருக்கைகள்ல முக்கால்வாசி எழுபத்திரண்டுலதான் துடிக்குது மேடம்," என்றான் அந்தப் பக்கத்துப் பொறியாளன். "தூங்கினாலும் குறையல, ஓடினாலும் ஏறல. பெரும்பான்மை எப்படியோ அதுதானே இயல்பு? கோபப்பட்டா ஏறுது, தூங்கினா இறங்குதுன்னா அது கருவிக்கோளாறுன்னு பெட்டி எடுத்துக்குது."

"அது கோளாறு இல்ல சார், மனுசன்!"

"புகாராப் பதிஞ்சுக்கிறேன் மேடம்."

பட்டியலில் ஒரே ஒரு மனிதனுக்குத்தான் தொண்ணூற்றேழு. அது சுடலைமணி. அவன் இதயம் தானாக எதையும் செய்வதில்லை, கருவி சொன்னபடி எழுபத்திரண்டு துடிக்கிறது. எஸ்தர் ஒன்பதாம் மாடிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அண்ணன் அசையாம படுத்திருக்கட்டும். கோபப்பட விடாதீங்க. சிரிக்கவும் வைக்காதீங்க. ஏன்னு அப்புறம் சொல்லுதேன்."

அடுத்து குடியிருப்புக் குழுவுக்குச் செய்தி அனுப்பினாள். புதிய இருக்கைகளைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள், நிரம்பினால் உயிருள்ளவர்கள்தான் விலக்கப்படுவார்கள் என்று புரியும்படி எழுதினாள். நாற்பது வீடுகளிலிருந்து கைகூப்பும் படம் வந்தது. அதைப் படித்தவர்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: புதிய இருக்கைகள் வந்துவிட்டன.

பத்து மணிக்கு வலையாளி எல்லோருக்கும் திறந்தது. பத்தேகாலுக்குள் குடியிருப்பே கடைவீதிக்கு ஓடித் திரும்பியது. மின்தூக்கியில் இடமில்லை. பைநிறையத் துடிப்பான்களோடு ஆட்கள் படிக்கட்டில் முட்டிமோதி ஏறினார்கள். திரையில் எண் நூற்றைம்பது, இருநூறு என்று தாவியது. இருநூற்று ஐம்பத்தாறில் நின்றது.

பத்தரைக்குத் திரை சிவந்தது.

‘257: ஏற்கப்பட்டது. விலக்கப்பட்டது: ஐந்தாம் மாடி. காரணம்: கருவிக்கோளாறு.’

ஒன்பது இல்லை, ஐந்து. கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் ஓடினாள்.

ஐந்தாம் மாடி வீட்டில் கோமதிநாயகம் சோபாவில் சரிந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டாவது துடிப்பானைப் பிறர் முந்துவதற்குள் செருக வேண்டும் என்று அந்த மனிதர் ஐந்து மாடியும் படியில் ஓடி ஏறியிருக்கிறார். செருகிய விநாடியில் அவர் நாடி நூற்று நாற்பதில் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. வலையாளி புதிய துண்டை உட்கார வைத்துவிட்டு அவரை எழுப்பிவிட்டது.

எஸ்தர் கைப்பெட்டியை அவர் மார்பில் கட்டினாள். கொஞ்சம் நிறம் திரும்பியது.

"இதுல நாப்பது நிமிசம் இருக்கு அண்ணாச்சி. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். ஒரு துண்டக் கழட்டுங்க. உடனே உங்களச் சேத்துருதேன். கழட்டாமச் சேத்தா இன்னொரு மனுசன்தான் விழுவாரு."

சாமி அலமாரியில் இரண்டு வரிசையாக இருபத்தெட்டுத் துடிப்பான்கள் மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். குங்குமம் எண்ணெயில் குழைந்து வழிந்து சுவரெல்லாம் பிசுபிசுத்தது. அதைத் தொடுவதற்கே எஸ்தருக்கு அருவருப்பாக இருந்தது.

"கடைசியாப் போட்டதக் கழட்டுங்க," என்றாள்.

"ஐயோ, அது பேரப்பிள்ளைக்கு," என்றாள் அந்த அம்மாள். "மருமவ முழுகாம இருக்கா. பொறக்குததுக்கு முன்னாலயே பிள்ள துடிப்ப நிறுத்துததா? அபசகுனமா என்னத்தையாவது சொல்லாத."

"சரி, வேற ஒண்ணு."

"எல்லாம் ஒவ்வொருத்தர் பேருல இருக்குல்லா. கேக்காம எப்படி எடுக்க?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏம்மா, ஒம்பதாம் மாடிக்காரனுக்கு ஒண்ணு குடுத்தியே. அத வாங்கித் தர முடியாதா? அவன் எப்படியும் படுத்த படுக்கதான?"

எஸ்தருக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அந்தக் கையால் கைப்பெட்டியின் வாரை இறுக்கினாள்.

"அவரு மனுசன்மா. இங்க இருபத்தெட்டு பிளாஸ்டிக் இருக்கு. அதுல ஒண்ணக் கழட்டச் சொல்லுதேன். நீங்க கழட்டுனாத்தான் உண்டு, நான் தொட்டா எனக்கு ஜெயில்."

கோமதிநாயகம் கையை உயர்த்தினார். பேசாதே என்று அர்த்தம். கைபேசியை வாங்கி மூத்த மகனுக்குப் போட்டார். கனடாவில் மகன் எடுக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. விஷயத்தைச் சொல்லி முடிக்க இன்னும் பத்து நிமிடம். இடையில் அவர் மனைவி இரண்டாவது மகனுக்குத் தனியாகப் போட்டு, அண்ணன் ஒத்துக்கொண்டால்தான் நானும் என்று பதில் வாங்கி வந்தாள். கைப்பெட்டியில் பதினாறு நிமிடம் என்று காட்டியது.

மகன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்னோடத விட்டுருங்கப்பா. நாங்க வந்தா வேணும்லா? இப்பம் விட்டா அப்புறம் கெடைக்கவா போவுது?"

"அதுவும் சரிதான்," என்றார் கோமதிநாயகம்.

கைபேசியைக் கீழே வைத்தார். அலமாரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். எஸ்தர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. மார்பிலிருந்த கைப்பெட்டியை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"நாலாம் மாடில ஒருக்க கேட்டுட்டு வா. அவியகிட்ட முப்பது கெடக்கு."