சாமி இன்னும் பார்த்து முடிக்கவில்லை

எங்கள் ஊர் மண்சாமிக்குச் சினிமா என்றால் உயிர். இது நாங்களாகச் சொல்லிக்கொள்வதுதான். சாமி இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

ஆண்டுதோறும் அவருடைய பிறந்தநாளன்று கோயில் வாசலுக்கு நேர் எதிரே திரை கட்டுவோம். படம் சாமிக்குத்தான். நாங்கள் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஓசியில் பார்ப்போம். சாமிக்குத் தலை மறைக்காமல் இருக்க நடுவே ஒரு பாதை விடுவோம். அதில் எவனாவது காலை நீட்டினால் குன் தாத்தா விசிறிக்காம்பால் ஒரு போடு போடுவார்.

குன் தாத்தாதான் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். எந்தப் படம் போடலாம் என்று கூட்டம் கூட்டுவதும் அவர்தான். அந்தக் கூட்டத்தில் அதிகம் கத்துவதும் அவர்தான்.

இந்த ஆண்டும் கூடினோம். பூண்டு அறுவடை நேரம். ஊரே பூண்டு நாற்றம். வேர்க்கடலையும் தேநீரும் நடுவில் இருந்தன.

"வாள் சண்டைப் படமே போடுவோம்" என்றார் குன் தாத்தா.

"போன வருஷமும் வாள், அதுக்கு முந்தின வருஷமும் வாள்" என்றான் போஹான். ஐந்தாம் வகுப்புப் பையன். வாய் மட்டும் பத்தாம் வகுப்பு.

"இப்ப வர்றதெல்லாம் ஒரு படமாடா? ஒரே இருட்டு. யாரு யாரை அடிக்கிறான்னே தெரியல. பேசுறதும் வாய்க்குள்ளேயே நின்னு போயிடுது. அந்தக் காலத்துல ஒருத்தன் பேசினா அடுத்த ஊருக்குக் கேக்கும்!"

"அந்தக் காலத்துல வயித்துல கத்தி இறங்கினவன்கூட முழுப் பாட்டையும் பாடிட்டுத்தான் தாத்தா சாவான்!"

கூட்டம் சிரித்தது. ஒருவர் வாயிலிருந்து கடலை தெறித்தது.

"அதுக்குப் பேரு நடிப்புடா! சரி, நீ சொல்லேன், நல்ல படம் எது?"

"ராட்சதப் பல்லி, மூணாம் பாகம். போன மாசம்தான் வந்துச்சு. செம படம்."

"முதல் பாகத்துல பல்லி என்ன ஆச்சு?"

"செத்துப் போச்சு."

"ரெண்டாம் பாகத்துல?"

"அதுலயும் செத்துப் போச்சு."

"செத்த பல்லியைத் திரும்பத் திரும்ப எழுப்பி விடுறதுதான் உங்க புதுப் படமா? நல்லா இருக்குடா!"

இப்படியே போயிருந்தால் பொழுது விடிந்திருக்கும். அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"'இரண்டு கரை' போடலாம் தாத்தா. புதுப் படம்தான். ரொம்ப நல்ல படம்னு சொல்றாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யூசெங்! கூட்டத்தில் வாயே திறக்காத பிள்ளை.

"அதுல சண்டை இருக்கா?" என்றார் குன் தாத்தா.

"இல்ல."

"பேய் இருக்கா?" என்றான் போஹான்.

"இல்ல. ரெண்டு அக்கா தங்கச்சி ஆத்துல படகு ஓட்டுறாங்க."

"அவ்வளவுதானா? அதுல சாமி என்னத்தைப் பார்ப்பாரு?"

யூசெங் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "வருஷம் முழுக்க நாம சாமிகிட்ட வந்து சண்டையைத்தானே தாத்தா சொல்றோம்? அவன் வரப்பை வெட்டிட்டான், இவன் கோழி என் தோட்டத்துல மேயுதுன்னு. பிறந்தநாளன்னிக்காவது பாவம், அவர் ஆத்தையும் படகையும் பார்க்கட்டுமே."

குன் தாத்தா விசிறியை எடுத்து வேகமாக வீசிக்கொண்டார். முந்தின நாள்தான் அந்தக் கோழி விஷயமாகச் சாமியிடம் அவரே முறையிட்டிருந்தார்.

"நியாயம்தான்" என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். 'இரண்டு கரை' முடிவானது.

அந்தப் படத்தை அவள் ஏன் கேட்டாள் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவரோ வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர்.

யூசெங்கின் அம்மா தலைநகர் தைபேயில் இருந்தார். சினிமா வேலை. "சினிமாவுல என்னதான் பண்றாளாம்? பிள்ளையை விட்டுட்டு!" என்று ஊரில் பேச்சு உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நடிகர்களின் உடைகளைத் துவைத்து, தேய்த்து, கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கிற வேலை. பள்ளி திறந்த சமயத்தில் போனவர். புத்தாண்டு விருந்துக்கும் வரவில்லை; அன்றைக்கும் வேறொரு படத்துக்குப் படப்பிடிப்பு. மேசையில் அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். அது அப்படியே இருந்தது.

போன மாதம் அம்மா போனில் சொல்லியிருந்தார்: "யூசெங், இந்தப் படத்துல என் பேரையும் போட்டிருக்காங்கடி! கடைசியில வரும். எறும்பு மாதிரி இருக்கும்."

"நீ பார்த்தியாம்மா?"

"தியேட்டருக்குப் போயி பார்த்தேன். கதை முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. என் பேரு வர்றப்ப பெருக்கிறவங்க மட்டும்தான் இருந்தாங்க. அவங்களும் தரையைத்தான் பார்த்தாங்க." அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு யூசெங்குக்குப் பிடிக்கவில்லை. "நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. தானா பார்த்தா பார்க்கட்டும்."

அந்தப் படம் எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு வரவில்லை. போனிலும் இன்னும் வரவில்லை.

யூசெங்குக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும்போதும் பார்க்க வேண்டும், சாப்பிடும்போதும் பார்க்க வேண்டும். அது முடியாது என்றால் அம்மாவின் பெயரையாவது பார்க்க வேண்டும். தனியாக இல்லை, ஊரோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

பிறந்தநாளும் வந்தது. மதியமே ஹுவாங் மாமா நீல வண்டியில் வந்து திரை கட்ட ஆரம்பித்தார். கோயில் கோயிலாகப் போய்ப் படம் போடுவதுதான் அவர் தொழில்; புதுப் படம் என்றாலும் எப்படியாவது வாங்கி வந்துவிடுவார்.

யூசெங் அவருக்குக் கயிறு பிடித்துக் கொடுத்தாள். "மாமா, கடைசியில பேரெல்லாம் வருமே, அதையும் போடுவீங்களா?"

"அதை யாரு கண்ணு பார்ப்பாங்க? கதை முடிஞ்சதும் பொத்தானை அமுக்கிடுவேன்."

"எல்லாரும் உக்காந்து பார்த்தா?"

"பார்த்தா ஓட்டுறேன். ஆனா நம்ம ஜனங்களாவது உக்கார்றதாவது! கதை முடியுறதுக்கு முன்னாடியே பாதிப் பேரு செருப்பைத் தேடுவாங்க."

யூசெங்குக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு ஊரையே எப்படி உட்கார வைப்பது? 'உட்காருங்க' என்றால் உட்காருகிற ஊரா இது?

வாடிய முகத்தோடு கோயிலுக்குள் போனாள். அங்கே படையல் நடந்துகொண்டிருந்தது. முழுக்கோழி, ஆரஞ்சுப் பழம், ஒட்டரிசிப் பலகாரம் எல்லாம் சாமி முன்னால் இருந்தன. எல்லோருக்கும் பசி. குன் தாத்தா பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தார். பிறை நிலா வடிவில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு.

"சாமி, சாப்பிட்டு முடிச்சாச்சா?" என்று கேட்டுக் கீழே போட்டார்.

ஒன்றில் தட்டைப் பக்கமும் மற்றதில் வளைவுப் பக்கமும் மேலே தெரிய விழுந்தால் 'ஆமாம்'. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறார், மறுபடி கேட்க வேண்டும். இரண்டும் வளைவு என்றால் 'இல்லை'.

இரண்டும் வளைவு.

"சாமி இன்னும் சாப்பிடுறாரு. யாரும் தட்டுல கை வைக்கக் கூடாது" என்றார் குன் தாத்தா. போஹானின் வயிறு சத்தமாகக் கத்தியது. ஆனால் அவன்கூட நகரவில்லை. ஊரே கை கட்டிக் காத்திருந்தது.

யூசெங் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

இருட்டியதும் படம் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல படம். அக்காவும் தங்கையும் பேசாமல் கோபித்துக்கொண்டு ஒரே படகில் ஆளுக்கொரு துடுப்புப் போட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யூசெங் மட்டும் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் போட்டிருந்த சட்டையைப் பார்த்தாள். நீலச் சட்டை, மடிப்புக் கலையாத காலர், தோளில் ஒரு தையல். அது அம்மாவின் தையல்தான். அவளுடைய பள்ளிப் பையிலும் அதே தையல் உண்டு.

கடைசியில் அக்கா கரையிலேயே நின்றுவிட்டாள். படகு போய்விட்டது. குன் தாத்தா மூக்கைச் சிந்தினார்.

"என்ன தாத்தா, அழுவுறீங்களா?" என்றான் போஹான்.

"போடா! பூண்டுக் காரம்!"

திரை கறுத்தது. கீழிருந்து மேலே பெயர்கள் ஏற ஆரம்பித்தன. உடனே முக்காலிகள் மடங்கின. செருப்புகள் தேடப்பட்டன. ஹுவாங் மாமாவின் விரல் பொத்தானுக்குப் போனது. விழா முடிந்ததற்கு அடையாளமாக வெடிச் சரத்தைக் கொளுத்தக் குன் தாத்தா தீப்பெட்டியை எடுத்தார்.

யூசெங் எழுந்து ஓடினாள். வெடிச் சரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"தாத்தா, நிறுத்துங்க! சாமி பார்த்து முடிச்சாச்சா?"

"என்ன?"

"கோழிக்குக் கேட்டீங்க, ஆரஞ்சுக்குக் கேட்டீங்க. படத்துக்கு மட்டும் ஏன் கேக்கல? இதுவும் சாமிக்கு வச்சதுதானே? சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவர் தட்டைப் பாதியில இழுக்கலாமா?"

குன் தாத்தா விழித்தார். "கதைதான் முடிஞ்சு போச்சே புள்ள! இது வெறும் பேரு."

"அதைச் சாமிதானே தாத்தா சொல்லணும்?"

செருப்பைத் தேடிய கைகள் நின்றன. "கேக்குறதுல என்ன தப்பு? கேட்டுத்தான் பாருங்களேன்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஹுவாங் மாமா விரலை எடுத்துவிட்டார். சாமி விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை.

குன் தாத்தா முணுமுணுத்துக்கொண்டே கட்டைகளை எடுத்து வந்தார். "சாமி, படம் பார்த்து முடிச்சாச்சா?"

இரண்டும் தட்டை.

"சிரிக்கிறாரு!" என்று கத்தினான் போஹான். "உங்களைப் பார்த்துத்தான் தாத்தா!"

"சும்மா இருடா!" அவர் மறுபடி போட்டார். இரண்டும் வளைவு.

"இல்லைங்கிறாரு" என்றார் குன் தாத்தா. இப்போது அவர் குரல் மாறியிருந்தது. "எல்லாரும் உக்காருங்க. சாமி உக்காந்திருக்கிறப்ப நாம எழுந்து போறதாவது!"

மடக்கிய முக்காலிகள் மறுபடி விரிந்தன. வேறு வழி இல்லாமல் எல்லோரும் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தோம்.

"வண்டி ஓட்டினவர் பேருகூட இருக்குடா!"

"சோறு சமைச்சவங்க பேரைப் பாரு!"

"ஒரு படகுக்கு இத்தனை பேரா?" என்றார் குன் தாத்தா. "அந்தக் காலத்துல 'முற்றும்'னு ஒண்ணு போடுவான், அதோட சரி."

"அப்ப அந்தக் காலத்துல யாரும் சட்டை தேய்க்கலையா?"

கேட்டது யூசெங்கின் அப்பா. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

யூசெங் சாமிக்கு விட்ட பாதையில் நின்றாள். யாரும் அவளை விசிறிக்காம்பால் அடிக்கவில்லை. பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அது வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தாள். வந்தது.

உடைச் சலவை, தேய்ப்பு, தையல்: லியாவ் மெய்சியூ.

எறும்பு இல்லை. திரையில் அவள் கை நீளம் இருந்தது. யூசெங் கையை நீட்டி அளந்து பார்த்ததில் படிக்க மறந்துவிட்டாள்.

"லியாவ் மெய்சியூ" என்று போஹான்தான் படித்தான். "டேய்! யூசெங் அம்மாடா!"

"நம்ம மெய்சியூவா?" என்று கூட்டம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெயர் மெல்ல மெல்ல மேலே போனது. அது திரையை விட்டு மறைகிற வரைக்கும் எல்லோருடைய தலையும் கூடவே நிமிர்ந்தது.

குன் தாத்தா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சாமி, இப்ப ஒரு பேரு போச்சே, லியாவ் மெய்சியூ, அது நம்ம பொண்ணு." பிறகு யூசெங்கைப் பார்த்தார். "இந்தப் பேருல நாட்டுல நூறு பேரு இருப்பாங்க புள்ள. வேண்டிக்கிட்டா விலாசத்தையும் சேர்த்துச் சொல்லணும். சொல்லு."

யூசெங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாமியிடம் விலாசம் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். சாமிக்கு வயதாகிவிட்டது, காது எப்படியோ.

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து திரை வெள்ளையானது. கட்டைகளைப் போட்டார்கள். ஒன்று தட்டை, ஒன்று வளைவு. வெடிச் சரம் வெடித்தது.

மறுநாள் காலை அம்மா போன் செய்தார். "படம் பார்த்தீங்களாடி? எப்படி இருந்துச்சு?"

"குன் தாத்தா அழுதாரு. பூண்டுன்னு சொன்னாரு."

"என் பேரு?"

"எல்லாரும் பார்த்தாங்கம்மா. ஒருத்தர்கூட எழுந்திருக்கல. சாமியும் பார்த்தாரு."

போனில் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, இருக்கியா? சாமிகிட்ட உன் விலாசம்கூடச் சொல்லியாச்சு."

"எந்த விலாசத்தைடி சொன்னே?"

"நம்ம வீட்டு விலாசம்தான்" என்றாள் யூசெங். "வேற எது?"