சூடு போகும் இடம்

அந்த வீட்டில் வேறு எதுவுமே சூடாக இல்லாதபோது கம்ப்யூட்டர் மட்டும் எப்படிக் கொதிக்கிறது என்பதுதான் தோராவுக்குப் புரியவில்லை.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஹீட்டரைப் பதினான்கு டிகிரியில் வைத்துவிட்டு, அதைக் கூட்டும் பொத்தான் இருக்கிற மாடிக் கதவையும் பூட்டிக்கொண்டார்கள். கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவள் விறைத்துப்போனால் அவர்களுக்கென்ன? வெளியே, உறைந்த ஏரியின் கரையிலிருக்கும் கிம்லி ஊர் முழுக்க மைனஸ் முப்பது. தோரா வீட்டுக்குள்ளும் பெரிய கோட்டைக் கழற்றுவதில்லை.

ஆனால் மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி நின்ற சிபியு பெட்டி கொதித்துக் கொதித்து அணைந்தது. மானிட்டர் ஓரத்தில் தம்பி லைல் ஒட்டிக் கொடுத்திருந்த, பெட்டியின் உள்சூட்டைக் காட்டும் சின்ன வெப்பமானியில் எண் ஏறும். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. பிறகு கறுப்புத் திரை. இன்று இது நான்காவது தடவை.

"தூசி தட்டுனியா?" என்று லைல் போனில் கேட்டான். பாகம் பாகமாக வாங்கி இந்தப் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"தட்டியாச்சு. ரேம கழட்டி மாட்டியாச்சு. பவர் ஒயர மாத்தியாச்சு. உன் மண்டையத்தான் இன்னும் கழட்டிப் பாக்கல."

"மேசை மேல தூக்கி வச்சா?"

"மேல வச்சா நாள் பூரா ஓடுது. கீழ வச்சாதான் செத்துப்போவுது."

"அப்ப மேலயே வச்சுக்கயேன்."

"பரீட்சைக்கு மேசை காலியா இருக்கணும்டா! கீபோர்டு, மவுஸ், அவ்வளவுதான். வேற பக்கம் நகத்தலாம்னா இன்டர்நெட் ஒயர் எட்டாது. எத்தன தடவ சொல்றது உனக்கு?"

ஆஸ்பத்திரி லேபுக்கான உரிமத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். போன தடவை பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தது, தோல்வி என்று போட்டுவிட்டார்கள். இன்று கடைசி வாய்ப்பு. இதிலும் தோற்றால் அவளை லேபில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று வருடம் மற்றவர்களின் விடுமுறைகளில் எல்லாம் அவள்தான் ரத்தம் எடுத்தாள். இப்போது ஒரு தகரப் பெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது.

"எதோ காத்த அடைக்குது" என்றான் லைல். "பின்னாடி கைய வச்சுப் பாரு. சூடா வரணும்."

அவள் மண்டியிட்டுப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இருட்டுக்குள் கையை விட்டாள். விசிறி சுழலும் சத்தம் கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கியிருந்தது. காற்று இல்லை. கம்பிவலையின் மீது ஈரம், ஈரத்துக்கு அப்பால் ஒரு குளிர், நனைந்த கம்பளிக் கையுறையின் நாற்றம், அதற்கும் அடியில் ஏரியின் பனியைத் துளைக்கும்போது கீழிருந்து எழுமே, அந்தச் சேற்று வாசனை. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வரல."

"ஃபேன் சுத்துதுல்ல? அப்ப காத்து எங்க போவுது? பூனை கீன வளக்கிறியா?"

"என் சம்பளத்துக்கு நானே பூனைத் தீனிதான் திங்கணும்."

"இல்ல, குளிருக்குப் பூனைங்க இன்ஜினுக்குள்ள பூந்துக்குமே. பானெட்டத் தட்டிட்டுத்தானே வண்டிய எடுக்கிறோம்? அந்த மாதிரி ரெண்டு தட்டு தட்டு." அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் மீதிருந்த கோபத்தில் அவள் பெட்டியின் பின்பக்கத்தை ஓங்கித் தட்டினாள்.

விசிறியின் சத்தம் சட்டென்று திறந்துகொண்டது. அவள் மணிக்கட்டில் சூடான காற்று மோதியது. வெப்பமானியில் எண் இறங்கியது.

பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்தது. விலகி உட்கார்ந்த யாரோ மறுபடி சாய்ந்துகொள்வதுபோல. நின்றேவிட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றாள். சொன்னால் வருடம் முழுக்கச் சிரிப்பான். "போன வை. ஆரம்பிக்கப் போறாங்க."

ஜன்னலில் சாயங்காலம் அதற்குள் கறுத்திருந்தது. கண்காணிப்பாளரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. எங்கோ தொலைவில் இருக்கும், கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசும் ஒரு பெண்.

"கேமராவ மேசைக்குக் கீழ காட்டுங்க. சரி. ரூம்ல வேற யாரும் இல்லையே?"

"இல்ல."

"கண்ணு ஸ்கிரீன விட்டுப் போகக் கூடாது. ஒரு தடவ எச்சரிப்பேன். அடுத்த தடவ தேர்வு ரத்து. ஆரம்பிங்க."

ரத்தம் உறைதல் சோதனைக் குழாய்க்கு எந்த நிற மூடி? வெளிர் நீலம். அடுத்தது. அடுத்தது. வெப்பமானி எழுபது காட்டியது. எண்பது. பாதிக் கேள்விகள்கூட முடியவில்லை. எண்பத்தெட்டு. அவள் கோபத்தில் பல்லைக் கடித்தாள். வீட்டுக்காரர்கள் மீது, லைல் மீது, கொட்டாவிக் குரல் மீது, எல்லாவற்றுக்கும் மேலாக அடியில் இருக்கும் அதன் மீது. இது என்னுடையது, என்று நினைத்தாள். நான் காசு போட்டு வாங்கிய சூடு. போ.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலுறை அணிந்த காலைப் பெட்டிக்குப் பின்னால் நீட்டிச் சுவரோரமாக எட்டி உதைத்தாள்.

மெத்தென்று ஏதோ அமுங்கியது. நகர்ந்தது.

சூடான காற்று அவள் கெண்டைக்காலில் பாய்ந்தது. எண்பது. அறுபத்தைந்து. ஐம்பது. விசிறி அமைதியானது. தோரா சிரித்தேவிட்டாள். கேள்விகள் வேகமாக ஓடின. நாற்பது. இனி அணையாது. பெட்டி நன்றாக ஆறிவிட்டது.

மேசைக்கு அடியில் இப்போது சூடாக இருந்தவை அவள் கால்கள் மட்டும்தான்.

இடது காலுறை நனைந்தது.

குனிந்தாள். இருட்டு. வேறொன்றும் தெரியவில்லை.

"தோரா, இது எச்சரிக்கை" என்றது குரல். "இன்னொரு தடவ கீழ பாத்தா ரத்து பண்ணிடுவேன்."

அவள் நிமிர்ந்தாள். திரை. திரை மட்டும். இன்னும் இருபது கேள்விகள்.

கணுக்காலைச் சுற்றிக் குளிர். சின்னச் சின்ன விரல்களின் குளிர். முழங்கால். ஊதா மூடி. உதறினாள், இறுக்கிக்கொண்டது. கையால் தள்ளலாம், கை மவுஸை விடாது. விடமாட்டாள். பச்சை மூடி. மடியில் கனம். ஏரி வாசனை.

இன்னும் ஆறு கேள்விகள்.

கோட்டின் ஜிப் அடியிலிருந்து திறந்தது. பல் பல்லாக. நிதானமாக. அது உள்ளே வந்தது. அவள் வயிற்றில் ஈரமான கன்னத்தை வைத்தது. பெருமூச்சு விட்டது.

தோரா மவுஸை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த கேள்வியைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

திரையின் மூலையில், அவள் முகம் தெரியும் சிறிய கட்டத்தில், கோட்டின் கழுத்து மெல்ல உப்பியது. அவள் தாடைக்குக் கீழே, நனைந்து ஒட்டிய தலைமுடி மேலே வந்துகொண்டிருந்தது.