சாம்பல் ஆறும்வரை

வேகத்தடையில் பிக்கப் வண்டி துள்ளி இறங்கியபோது சவ்சனின் உயிரும் கூடவே துள்ளியது.

நல்ல மழை. அகழாய்வுக் கிடங்கு வாசலில் குடைகூட இல்லாமல் காத்திருந்தவள், வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். மணல் நிரப்பிய பெட்டிகளுக்குள், துணி சுற்றிய தாழிகள் உடையாமல் இருந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் ஓட்டறீங்களா?"

"சொன்னாங்க டாக்டர். செத்து மூவாயிரம் வருஷம் ஆச்சாமே. இன்னொரு தடவை சாக மாட்டாங்கல்ல?"

சிரிக்காமல் சொன்னான். நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தவனின் கண்கள்.

"எரிச்ச எலும்பு. கை பட்டாலே பொடியாயிடும்."

"அப்ப நாளைலேருந்து முட்டை ஏத்திட்டு வர்ற மாதிரி வர்றேன்."

"முட்டை உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்."

அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். "சரி" என்றான், மெதுவாக.

அவன் பெயர் வஃபீக். சூர் என்ற அந்தக் கடற்கரை நகரத்துக்கு வெளியே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருப்பவன். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அகழாய்வுக் குழுவுக்கு வண்டி ஓட்டினான். அந்தக் கடற்கரையின் ஆதிகால ஜனங்கள் இறந்தவர்களை எரித்து, எலும்பைப் பொறுக்கித் தாழிகளில் வைத்துப் புதைத்திருந்தார்கள். அவற்றை அடுக்கடுக்காகப் பிரித்து, உள்ளே இருப்பது யார் என்று பார்க்கும் வேலைக்காக வடக்கே இருக்கும் சைதா நகரத்திலிருந்து வந்திருந்தாள் சவ்சன்.

மறுநாள் வண்டி ஊர்ந்து வந்தது. காவலாளி அபூ தலால்கூடக் கேலி செய்தார். "என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா?"

அப்புறம் அவன் பெட்டிகளை இறக்கிவிட்டு உடனே போவதில்லை என்றாயிற்று. ஸாத்தர் மூலிகைப் பொடி தூவிய சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவான். ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கரண்டியாலும் தூரிகையாலும் தாழியைக் காலி செய்வதைப் பார்ப்பான்.

"ஆம்பளையா பொம்பளையான்னு எலும்புல தெரியுமா டாக்டர்?"

"சிலசமயம் தெரியும்."

"கோவக்காரியான்னு?"

"ஏன்?"

"இல்ல... பின்னாடி உங்களைத் தோண்டி எடுக்கறவன் பாவமேன்னு நினைச்சேன்."

அவள் குனிந்துகொண்டாள். சிரிப்பை அவனுக்குக் காட்டுவதாயில்லை.

ஒரு நாள், ஒரு தாழியின் அடியில் மிகச் சின்ன எலும்புகள் கிடைத்தன. சலித்தெடுத்து உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"பாத்தீங்களா? ஒரு பெண்ணோட விரல் எலும்புங்க. பெரும்பாலும் பெருசு பெருசாப் பொறுக்கிட்டுப் போயிடுவாங்க. இங்க யாரோ சாம்பல் ஆறுற வரைக்கும் உக்காந்திருந்து, விரலைக்கூட விடாம எடுத்திருக்காங்க. எடுத்தவன் இவ மேல உயிரா இருந்திருக்கணும்."

வஃபீக் எழுந்தான். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் வேறொரு ஓட்டுநர் வந்தான். அதற்கு மறுநாளும் அவனே.

சவ்சன் யாரிடமும் கேட்கவில்லை. 'வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்... எனக்கென்ன?' அவன் எண்ணை எடுப்பாள், வைத்துவிடுவாள். சொல்லாமல் எழுந்து போனவன் அவன்தானே, முதலில் பேச வேண்டியவனும் அவன்தான். அந்த வீம்பிலேயே வாரங்கள் போயின. வேலை முடிந்தது. மறுநாள் சைதா திரும்ப வேண்டும்.

அன்று காலை, அட்டைப் பெட்டிகளைக் கட்ட உதவிய அபூ தலால் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார். "வஃபீக் மேல வருத்தப்படாத மகளே. சில வருஷம் முன்னாடி, யுத்தம் நடந்த கோடைல அவன் வீட்டு மேல குண்டு விழுந்துச்சு. பொண்டாட்டி உள்ள இருந்தா... எரிஞ்சுபோயிட்டா. எடுத்ததெல்லாம் மத்தவங்கதான். இவனால பக்கத்துல போக முடியல."

அவள் கையிலிருந்த பெட்டி கீழே இறங்கியது. விரலைக்கூட விடாம... எடுத்தவன் உயிரா இருந்திருக்கணும்... அந்த வாக்கியத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

தோட்டத்துக்குப் போனபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் வஃபீக். எடுத்தவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? கூலிக்கு வந்த ஆளா இருக்கலாம். உயிரா இருந்தவன் கிட்ட வர முடியாம, தூரத்துல நின்னிருக்கலாம்."

அவன் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தான்.

"அபூ தலால் சொல்லிட்டாரா?"

"ம்."

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். அவ அண்ணன் உள்ள வான்னு கூப்பிட்டான். கால் வரல. துணில சுத்திக் கொண்டாந்தாங்க... ரொம்ப லேசா இருந்துச்சு. அப்பக்கூட நான் பிரிச்சுப் பாக்கல. பாத்திருக்கணும்."

தூறல் இலைகளில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆனா நான் வராம நின்னது அதனால இல்ல, டாக்டர்."

"பின்ன?"

"அன்னைக்கு உள்ளங்கையில வச்சுக் காட்டினீங்கல்ல... நான் எலும்பைப் பாக்கல. உங்க கையத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்க பேசினது பாதியிலதான் காதுல விழுந்துச்சு. அப்பதான் உறைச்சது, முந்தின நாள் பூரா அவ நினைப்பே எனக்கு வரலன்னு. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு நாள் இருந்ததில்ல."

தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களைப் புடிச்சிருக்கு. அதைச் சொல்லும்போதே அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தோணுது."

எத்தனை நாள் அவள் ஆசைப்பட்ட வார்த்தை... இப்படி ஒரு பாரத்தோடு வரும் என்று நினைத்ததில்லை. கேட்காமல் கழித்த அந்த வாரங்களில் இவன் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு இங்கே கூடை அடுக்கியிருக்கிறான்.

"எனக்கும்தான்" என்றாள். "வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், கை நின்னுடும். அதைச் சொல்லத் தெரியாமத்தான் வீம்பா இருந்தேன்."

அவன் நிமிரவில்லை. அவள் கேட்டாள்.

"அவங்க பேர் என்ன?"

"யாரும் கேக்கறதில்ல. 'பாவம், உன் பொண்டாட்டி'ன்னுதான் சொல்வாங்க." நிமிர்ந்தான். "நுஹாத்."

கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து ஈரத்தைத் துடைத்தான்.

"காப்பில ஏலக்காய அள்ளிப் போடுவா. நான் கத்துவேன்."

சவ்சன் இன்னொரு கூடையைக் கவிழ்த்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கத்தினா என்ன சொல்வாங்க?"

அவன் சொல்ல ஆரம்பித்தான்.